நானே எடைக்கல்

ஜனவரி 11

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதிக் கொடுக்கும் கடிதம் இல்லை இது. முழுக்க முழுக்க என் கை. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன், இன்றுதான் முடிக்கப் போகிறேன். நடுவில் பேனாவில் மை தீர்ந்தது. மற்ற தாமதத்துக்கெல்லாம் நானே பொறுப்பு.

மாலை வகுப்புக்குப் போகிறேன் என்று போனில் சொன்னபோது நீ சிரித்தாய். இப்போது சிரி பார்ப்போம். தெருவில் இருக்கிற பலகைகள் எல்லாம் இத்தனை வருடம் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன. எனக்குத்தான் கேட்கவில்லை. நான் காலமெல்லாம் தராசு பழுது பார்த்த மொத்தக் கடைக்கு ஒரு பெயர் இருப்பதையே போன வாரம்தான் படித்தேன். அதுவரைக்கும் எனக்கு அது 'பச்சைக் கதவு'. கதவுக்கு வேறு நிறம் அடித்த பிறகும் பச்சைக் கதவுதான்.

வகுப்பில் எடுத்த போட்டோவும் இதில் வைத்திருக்கிறேன். முதல் வரிசையில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டிருப்பது நான். பக்கத்தில் இருப்பவர் வாட்ச்மேன், என் பெஞ்சுக்காரர். நான் பார்த்து எழுதுவது அவரைப் பார்த்துத்தான். அவர் யாரைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து இளைத்துவிட்டீர்கள் என்றார். வீட்டுத் தராசில் ஏறிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஐம்பத்தெட்டு கிலோ. எந்தக் கடைக்குப் போனாலும் மேடைத் தராசில் முதலில் நான் ஏறி நிற்பேன். முள் ஐம்பத்தெட்டில் நின்றால் தராசு யோக்கியம். அப்புறம்தான் இரும்புக் கல்லை வைத்துப் பார்ப்பேன். வேறு யாராவது என்றால் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். நான் தராசைக் கவிழ்த்துத் திறந்தேன். உள்ளே சுருள்கம்பி விறைத்துக் கிடந்தது. கொஞ்சம் தளர்த்திச் சரி செய்தேன். ஏறினேன். ஐம்பத்தெட்டு. கை இன்னும் வேலையை மறக்கவில்லை.

பதில் போடு. நான் படிப்பேன்.

உன் அப்பா


ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பண்ணையில் எல்லோருக்கும் காட்டினேன். பால் கறக்கும் கூடத்தில் ஒட்டி வைக்கலாம் என்றுகூடச் சொன்னார்கள். உறையின் மேல் உங்கள் எழுத்தில் என் முகவரியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பிரிக்கவே மனம் வரவில்லை.

பிரித்ததும் போட்டோ விழுந்தது. அதைப் பார்த்த பிறகு சந்தோஷம் எல்லாம் போய்விட்டது.

அப்பா, முதல் வரிசையில் இருப்பது யார்? காறை எலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது. பெல்ட்டின் நுனி நாய்வால் மாதிரி பக்கவாட்டில் தொங்குகிறது. கன்னத்தில் குழி. நீங்கள் சான்றிதழைப் பிடித்திருக்கிறீர்களா, சான்றிதழ் உங்களைப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை.

நேராகவே கேட்கிறேன். அண்ணி உங்களுக்கு ஒழுங்காகச் சோறு போடுகிறாரா? அண்ணன் சரக்கு வண்டியோடு வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் நீங்களும் அவரும்தான். போன தடவை வந்தபோது நான் சட்டி மூடிகளைத் திறந்து பார்த்தேன் என்று அவர் கோபித்துக்கொண்டார். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. நான் பார்த்தது தப்பில்லை என்று இந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு தோன்றுகிறது. போனில் கேட்கலாம் என்றால் கூடத்தில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் உங்களுக்குக் காது கேட்கும். அவர் பக்கத்திலேயே இருப்பார். இனி உங்களுக்கு நான் கடிதம் எழுதலாம், அவருக்குத் தெரியாது. அதுதான் நல்லதாகப் போயிற்று.

மார்ச் முதல் வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன். வந்து உங்களை அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். இங்கே எனக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ். பாலுக்குப் பஞ்சமில்லை. மறுக்க வேண்டாம்.

உங்கள் மகள்


ஜனவரி 30

மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். முதல் நாள் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டாம் நாள் கோபத்தோடு. மூன்றாம் நாள், நீ எழுதியதை நான் சரியாகத்தான் படித்தேனா என்று சந்தேகப்பட்டுப் படித்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

உன் அண்ணி என்னைப் பட்டினி போடவில்லை. காலையில் ரொட்டி, முட்டை. மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் கீரையும் டப்பாவில் வைத்துவிட்டுத்தான் தையல் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே நாள் முழுக்க பள்ளிக்கூடச் சீருடை தைத்துவிட்டு வந்து, ராத்திரி சூடாகச் செய்கிறாள். நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் பசி அதிகம். படிப்பதால் இருக்கும். வகுப்பில் வாட்ச்மேனும் அப்படித்தான் சொல்கிறார். அவருடைய கால்சட்டையும் இடுப்பில் நிற்பதில்லை. "மூளை வேலை செய்யுதுல்ல, உடம்பு உருகத்தான் செய்யும்"னு டீச்சரிடமே சொன்னார். டீச்சர் சிரித்தது. உன்னைவிடச் சின்னப் பெண்.

சாப்பிடாதவள் யார் என்று கேட்டால், உன் அண்ணிதான். நான் சரி செய்த பிறகு ஒருநாள் நம் தராசில் ஏறிப் பார்த்தாள். ஏழு கிலோ கூடிவிட்டதாம். ரவிக்கை எல்லாம் எப்போதும்போலத்தான் இருக்கிறது, ஆனால் "மாமா சரி பண்ணின தராசு பொய் சொல்லாது" என்று ராத்திரியில் வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் வந்ததும் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குகிறாள். தன் தட்டில் வைக்காததை என் தட்டில் வைக்கிறாள். அவளைப் பற்றித்தான் நீ அப்படி எழுதியிருக்கிறாய்.

நான் அங்கே வர மாட்டேன். உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. இங்கே பாடம் பாதியில் நிற்கிறது. செய்தித்தாளில் தலைப்பு மட்டும்தான் இப்போது படிக்கிறேன். கீழே இருக்கும் பொடி எழுத்தும் எனக்கு வேண்டும். உன் பண்ணையில் மாடுகளுக்கு வகுப்பு நடக்கிறதா?

எனக்கு ஒன்றும் இல்லை. வயிறு கொஞ்சம் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். போன வாரம் நான் வாசிக்க எழுந்து நின்றபோது எனக்கு முன்னால் அது வாசித்தது. வகுப்பே சிரித்தது.

அப்பா


பிப்ரவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டுகளை வாங்கிக்கொண்டேன். இப்போது நான் எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இங்கே போன மழைக்காலத்தில் ஒரு கன்று இருந்தது. மற்றக் கன்றுகளை முட்டித் தள்ளிவிட்டுத் தின்னும். அப்படியும் விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கும். தீவனம் போடுகிறவர் திருடி விற்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானே அவரிடம் சண்டைக்குப் போனேன். கால்நடை டாக்டர் வந்தார். கன்றைப் பார்க்கவில்லை. தீவனத் தொட்டியையும் பார்க்கவில்லை. நேராகச் சாணத்தைப் பார்த்தார். "வாய்க்குள்ள போனதைக் கேக்காதீங்க. அது குடல்ல தங்குச்சான்னு கேளுங்க" என்றார். குடலில் கிருமி. தின்றதில் பாதி உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. மருந்து கொடுத்த பிறகு அந்தக் கன்று என்னையே முட்டித் தள்ளியது.

உங்களைக் கன்றோடு சேர்ப்பதற்கு மன்னியுங்கள். ஆனால் பசி அதிகம், சாப்பாடு அதிகம், வயிற்றில் சத்தம், உடம்பு மட்டும் குறைகிறது என்றால் எனக்கு அந்தக் கன்றுதான் ஞாபகம் வருகிறது. அதனால் அந்த டாக்டர் கேட்டதையே தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிக்கு எப்படிப் போகிறது, எப்போதிலிருந்து, நாற்றம், நிறம், எல்லாம். கூச்சப்படாதீர்கள். போனில் கூடத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அண்ணியிடம் சொல்லி எழுதச் சொல்லவும் முடியாது. இதற்காகத்தான் நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் தராசுக் கதை என் மண்டையில் குடைந்துகொண்டே இருக்கிறது. அதைச் சரி செய்யும்போது இரும்புக் கல் வைத்துப் பார்த்தீர்களா? இல்லையே. வேலையை விட்டபோதே கற்களை எல்லாம் கொடுத்துவிட்டீர்களே. உங்களையே கல்லாக வைத்துத்தானே சரி செய்தீர்கள்? தேய்ந்த கல்லை வைத்துத் தராசைச் சரி பார்க்கிறவனைப் பற்றி நீங்கள் சின்ன வயதில் எனக்கு என்ன சொல்வீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தராசில் அண்ணி ஏன் கூடினார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வேறு தராசில் ஏறுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 24

என் மகளுக்கு,

இது பெரிய கடிதம். டீச்சர் கொடுத்த கட்டுரைக்கு எழுத வேண்டிய தாள்களை இதற்கு எடுத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தில் தேய்ந்த கல் என்று படித்த இடத்தில் நிறுத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு பச்சைக் கதவுக்குப் போனேன். அங்கே மேடைத் தராசுக்கு முத்திரை போட்ட கற்கள் வைத்திருக்கிறார்கள். முதலில் கல்லை ஏற்றிப் பார்த்தேன். சுத்தம். பிறகு நான் ஏறினேன். எடை போடுகிறவர் என் பழைய சிநேகிதர். "என்ன, மூட்டை பாதிதான் வந்திருக்கா?" என்றார். ஐம்பத்தொன்று. நான் இறங்கினேன். தராசு என்றைக்கும் மாறும், ஆள் மாற மாட்டான் என்று நினைத்துவிட்டேன். இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு இது அடுக்குமா?

வீட்டுக்கு வந்தபோது உன் அண்ணி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "நீ குண்டாகலம்மா. தராசைத்தான் நான் குண்டாக்கிட்டேன்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ நான் இத்தனை நாள் இதைக் கடிச்சது?"

"சும்மாதான்."

"மாடிப்படி?"

"அதுவும்."

தட்டை எடுத்தாள், சோறு போட்டுக்கொண்டாள், உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கை கழுவி வந்த பிறகுதான் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, நான் ஏறல. அப்படின்னா நீங்க எறங்கியிருக்கீங்க. எவ்வளவு நாளா மாமா?"

உன் தனித்தாளை அவளிடம் நீட்டினேன். அதன் ஓரத்தில் என் பதில்களை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். உனக்கும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்திலிருந்தே இப்படித்தான். சாப்பிட்டு எழுந்ததும் ஓட வேண்டும். இளகிப் போகிறது, எண்ணெய் பூசினதுபோல் மேலே மிதக்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. நாற்றத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது. வயிறு பலூன் மாதிரி உப்பும். வயசானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். மருமகளிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

அவள் தாளைப் படித்து முடித்துவிட்டு, "இதைக் கேக்க அவ்வளவு தூரத்துல இருந்து அவ கடுதாசி போடணுமா? நான் பக்கத்து ரூம்லதான இருக்கேன்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "நான் பட்டினி போடறேன்னும் எழுதியிருப்பாளே" என்றாள். நான் உன் முதல் கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அவள் புரிந்துகொண்டாள்.

மறுநாள் தையல் கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டப்பாவைக் கையில் கொடுத்துச் சோதனைக்கு வேண்டும் என்றார்கள். உன் கன்றைப் போலத்தான் என்னையும் நடத்தினார்கள், திருப்திதானே. டாக்டர் பொறுமையானவர், காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். உள்பக்கம் துண்டின் நூல் மாதிரி சின்னச் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்குமாம். அதுதான் சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்சுவது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி அங்கே போய் ஒட்டிக்கொண்டு அதை மழுங்கச் செய்துவிட்டதாம். கொழுப்பு உறிஞ்சப்படாமல் வழிந்துவிடுகிறது, அதனால்தான் மிதக்கிறது. "நீங்க எவ்வளவு சாப்பிட்டாலும், குடல் எடுத்துக்கிட்டதுதான் உங்க எடை" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓட்டைத் தட்டில் அரிசியைக் கொட்டிக்கொண்டே முள் ஏறவில்லை என்று தராசைத் திட்டினால் எப்படி?

வயதான ஆளுக்கு எடை குறைந்தால் வேறு காரணங்களும் இருக்கலாம் என்று இரத்தமும் எடுத்துப் பார்த்தார். அதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார். குடல் தேறும்வரை பால் வேண்டாம் என்றார். உன் பண்ணைக்கு வந்திருந்தால் நீ பாலை ஊற்றி ஊற்றிக் கெடுத்திருப்பாய்.

கிருமி எங்கே கிடைத்தது என்று டாக்டர் கேட்டார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றார். வீட்டில் காய்ச்சிய தண்ணீர்தான், உன் அண்ணி அதில் கறார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. வகுப்பு நடக்கிற கட்டிடத்தின் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. மூடி உடைந்து கிடக்கிறது, புறாக்கள் மேலே உட்கார்ந்திருக்கும். வாய்விட்டுப் படித்தால் தொண்டை வறண்டுபோகும். நானும் வாட்ச்மேனும் அதில்தான் மொண்டு மொண்டு குடிப்போம். மற்றவர்கள் புட்டி கொண்டுவருவார்கள். வாட்ச்மேனை மூளை உருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அவரையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். படித்து இளைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

நீ என்னை அழைத்துப்போக வருகிறாயா, பார்த்துப்போக வருகிறாயா என்று எழுது. முதலாவது என்றால் வராதே.

அப்பா


மார்ச் 3

அப்பாவுக்கு,

பார்த்துப்போக வருகிறேன். விடுப்பை ஏப்ரலுக்கு மாற்றிவிட்டேன். அதற்குள் நீங்கள் பொடி எழுத்தும் படித்துவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் பக்கத்து ரூம் என்ற இடத்தைத் தாண்டிப் போக எனக்கும் நேரமாயிற்று, எனக்கு எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிந்தும். தீவனம் போடுகிறவரிடம் சண்டைக்குப் போன கதையை உங்களுக்கு நானே எழுதிவிட்டு, அதே வேலையை வீட்டில் செய்திருக்கிறேன் என்று எனக்கே தோன்றவில்லை பாருங்கள். அவரிடம் அப்போதே கை கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அண்ணியிடம் அது எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நாலாவது தாளை மடித்து, குண்டூசி குத்தி இதற்குள் வைத்திருக்கிறேன். அது அண்ணிக்கு. நீங்கள் படிக்கக் கூடாது. முன்பெல்லாம் இப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. இப்போது உங்களை நம்ப முடியாது.

மாத்திரையை முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள். வயிறு சரியாகிவிட்டது என்று பாதியில் விட்டால் வந்து முட்டுவேன்.

உங்கள் மகள்


மார்ச் 17

என் மகளுக்கு,

முதலில் செய்தி. பச்சைக் கதவில் ஐம்பத்து மூன்றரை. மாத்திரை முடிந்துவிட்டது, ஒன்றுகூட விடவில்லை. மறுபடியும் சோதனைக்குக் கொடுத்தோம், கிருமி இல்லை. சாப்பாடு முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், முள் மட்டும் ஏறுகிறது. பெல்ட்டில் ஒரு ஓட்டை வெளியே வந்திருக்கிறேன். வெளிக்குப் போவதைப் பற்றி இனி எழுத ஒன்றும் இல்லை. அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

டீச்சர் எங்கள் எல்லோரையும் தொட்டியைப் பற்றிக் கட்டிட அலுவலகத்துக்கு மனு எழுதச் சொன்னது. என்னுடையதைத்தான் அனுப்பியது. வாட்ச்மேன் என்னைப் பார்த்து எழுதினார், அதனால் அவருடைய மனுவிலும் என் பெயரே இருந்தது. ஆள் வந்து கழுவிப் புது மூடி போட்டார்கள். இருந்தாலும் உன் அண்ணி புட்டியைக் கையில் கொடுக்காமல் என்னை வாசல் தாண்ட விடுவதில்லை.

வீட்டுத் தராசைப் பச்சைக் கதவுக்குத் தூக்கிக்கொண்டு போய், இரும்புக் கல் வைத்துச் சரி செய்தேன். இந்தத் தடவை நான் கடைசியாகத்தான் ஏறினேன்.

இனி நீ எதிர்பார்க்கிற செய்தி.

குண்டூசி குத்திய தாளை நான் தொடவில்லை. உன் அண்ணி தையல் கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீட்டினேன். அவள் மேலே உன் எழுத்தைப் பார்த்தாள், வாங்கவில்லை. "கண்ணு வலிக்குது மாமா. நாள் பூரா ஊசியையே பாத்துட்டு வந்திருக்கேன். நீங்களே படிங்க" என்றாள். நீ படிக்கக் கூடாது என்று சொன்னதைச் சொன்னேன். "எனக்குன்னு எழுதினதுதானே. நான் சொல்றேன், படிங்க."

ஆகவே படித்தேன். நான் எப்படிப் படிப்பேன் என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்துத்தான் அடுத்ததைத் தூக்குவேன். டீச்சர்கூடச் சில நேரம் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். உன் அண்ணி அசையவில்லை. கைப்பை தோளிலேயே இருந்தது, ஒரு கால் செருப்பிலேயே இருந்தது. முதல் வரியில் நலமா என்று கேட்டிருந்தாய். இரண்டாவது வரி, 'அண்ணி, அன்றைக்குச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தது என் தப்பு, போட்டோவைப் பார்த்து உங்களைச் சந்தேகப்பட்டது அதைவிடப் பெரிய தப்பு.' அந்த ஒரு வரியைப் படித்து முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ. நீ எழுதும்போது பட்ட பாட்டை நான் படிக்கும்போது பட்டேன் என்று நினைக்கிறேன். மீதியையும் படித்து, உன் பெயருக்கு வந்து நிறுத்தினேன்.

அவள் மற்ற செருப்பையும் கழற்றினாள். சமையல்கட்டுக்குப் போனாள். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே, "மாமா, அந்த ரெண்டாவது வரி சரியாக் காதுல விழல. இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

அடுத்த தெருவில் குழாயைத் திறந்தால் இங்கிருந்து சொல்கிற காது அவளுடையது.

மறுபடியும் படித்தேன். முன்னைவிட நிதானமாக.

கேட்டுவிட்டு, ஏப்ரலில் நீ வரும்போது சட்டி எல்லாம் மூடாமலே வைத்திருப்பாளாம், எழுதிவிடச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் அப்பா